75 விழுக்காடு வருகை விதி நம் பிள்ளைகளைக் காக்கிறதா, வெளியேற்றுகிறதா?

பாலக்கோடு விரிவுரையாளர்:
பருவத் தேர்வுக்கு முன் வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும், அதில் பெயருள்ள சிலர் மறுநாள் முதல் கல்லூரிக்கே வருவதில்லை. ஆயினும் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதைத் தளர்த்தக் கூடாது என்றே கருதுகிறேன். 'போகாவிட்டால் தேர்வெழுத விடமாட்டார்கள்' என்று வீட்டில் சொல்ல முடிவதால்தான், அறுவடை நாளிலும் உறவினர் வீட்டு விசேஷத்தன்றும் பல மாணவியர் வகுப்புக்கு வர முடிகிறது.

தேன்கனிக்கோட்டைத் தந்தை:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் என் மகன் காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் இரண்டு மணி நேரமும் போய்விடும். ஓசூர்க் கம்பெனி வண்டியோ ஊர் முனைக்கே வந்து ஆளேற்றிச் செல்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் தரும் மாதம் 1,000 ரூபாய் பேருதவிதான். ஆனால் வீட்டில் கடனிருக்கும் பையனைச் சம்பளம் இழுக்கும்போது அது தடுத்து நிறுத்தாது.

பாலக்கோடு விரிவுரையாளர்:
விதியைத் தளர்த்தினால் அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆள் கம்பெனியில் இருப்பார். மூன்றாண்டு முடிவில் அரியர்கள் மட்டுமே மிஞ்சி, பட்டம் கைக்கு வராமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தேரி முன்னாள் மாணவி:
இருவரும் பேருந்தையும் பணத்தையும் பேசுகிறீர்கள். நான் முதல் பருவத்தில் வகுப்புக்குப் போகாமல் நின்றது பாடம் புரியாததால். கலந்தாய்வில் இடம் மீதியிருந்த பாடத்தை எடுத்தேன். தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலக் கணிதப் புத்தகம் அச்சமூட்டியது. விடுதியில் இருந்த மூத்த மாணவி ஒருவர் இரவுதோறும் சொல்லிக் கொடுத்திராவிட்டால் சித்தேரி மலைக்கே திரும்பியிருப்பேன். பருவக் கடைசியில் ஒட்டும் பட்டியல் என்னைப் போன்றோருக்குப் பயன்படாது, அண்ணா.

தேன்கனிக்கோட்டைத் தந்தை:
அப்படியானால் அந்தப் பட்டியலை நான்காவது வாரத்திலேயே தயாரித்து, வீட்டுக்குத் தெரிவியுங்கள். அதைச் செய்தால் 75 விழுக்காட்டை நானும் ஏற்பேன். முதல் வகுப்பு, முதல் பேருந்து வந்த பிறகே தொடங்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலக்கோடு விரிவுரையாளர்:
நான்காவது வாரப் பட்டியலை எங்கள் துறையில் இந்தப் பருவமே தொடங்குகிறேன். ஒரு சிக்கல் உண்டு: சேர்க்கைப் படிவத்தில் உள்ள எண் பெரும்பாலும் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன தந்தையுடையது, ஊரிலிருக்கும் தாயின் எண்ணையோ பாட்டியின் எண்ணையோ சேர்க்கை நாளிலேயே கேட்டு வாங்க வேண்டும். நேர மாற்றத்தை இன்னும் ஏற்கவில்லை. வகுப்பு தள்ளித் தொடங்கித் தள்ளி முடிந்தால், மாலையில் கடைசிப் பேருந்தைத் தவறவிடும் மாணவியரையும் எண்ணிப் பாருங்கள்.