கலாத்தியர் 3:28: ‘ஆணும் பெண்ணும்’ என்பதைத் தமிழில் எப்படி விளக்குவது?

ஸ்தோத்திரம். வேதபாட வகுப்புக்காக இந்த வசனத்தைத் தயாரிக்கிறேன், உதவி தேவை.

நம் பழைய மொழிபெயர்ப்பில் மூன்று ஜோடிகளும் ஒரே அச்சில் வருகின்றன: ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை’. பவுல் எழுதிய கிரேக்க மூலத்தில் அப்படி இல்லை. முதல் இரண்டிலும் ‘ஊதே’ (இதுவுமில்லை). மூன்றாவதில் மட்டும் ‘காய்’ (உம்). ‘ஆர்சென் காய் தேலு’ என்பது ஆதியாகமம் 1:27-இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள அதே சொற்கள். ‘ஆணும் பெண்ணுமாக’ என்ற சிருஷ்டிப்பு வாக்கியத்தையே பவுல் எடுத்தாளுகிறார் என்பது தமிழில் தெரிவதே இல்லை. வசனத்தின் முடிவில் வரும் ‘ஒன்றாயிருக்கிறீர்கள்’ என்பதும் அப்படித்தான். மூலத்தில் ‘ஹெய்ஸ்’, அதாவது ‘ஒருவர்’, அஃறிணை அல்ல.

வித்தியாசமே அழிந்தது என்று போதித்தால் 1 கொரிந்தியர் 11:11 இடிக்கிறது. அங்கே ஸ்திரீயில்லாமல் புருஷனுமில்லை, புருஷனில்லாமல் ஸ்திரீயுமில்லை. இரட்சிப்புக்கு மட்டும் பொருந்தும் என்றாலும் சரிப்படவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுவந்த பேதுரு பந்தியை விட்டு விலகியதைப் பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்தாரே (கலாத்தியர் 2:11-14); அப்படியானால் இது அன்றாட ஐக்கியத்துக்கும் பொருந்துகிறது. விருத்தசேதனம் ஆண்களுக்கு மட்டும், ஞானஸ்நானம் இருபாலருக்கும். ஆகவே ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும் 27-ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்று எனக்குப் படுகிறது.

என் கேள்விகள்: அந்த ‘உம்’மைக் காட்டும் இயல்பான தமிழ் வாக்கியம் யாரிடமாவது உண்டா? யூதர்-கிரேக்கர், அடிமைகள்-சுயாதீனர் என்று இதேபோல் சொல்லும் 1 கொரிந்தியர் 12:13-இல் மூன்றாவது ஜோடி ஏன் இல்லை என்று வகுப்பில் கேட்டால் எப்படிப் பதில் சொல்வீர்கள்?