பாக்கெட் பில்லியர்ட்ஸில் (pool) கோஸ்ட் பால் முறை: பழகினால் சரியாகுமா?

கேள்வி:
ஆறு மாதமாக ஆடுகிறேன், நேர் ஷாட் விழுகிறது, ஆனால் சாய்வாக வெட்டினால் பந்து பாக்கெட் ஓரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. கோஸ்ட் பாலுக்கு (வெள்ளைப் பந்து மோதும்போது நிற்கும் இடத்தில் ஒரு கற்பனைப் பந்தை நினைத்துக் குறிவைக்கும் முறை) மாறியும் சரியாகவில்லை. விட்டுவிடலாமா?

பதில்:
விடாதீங்க. பலரும் பந்து தொடும் புள்ளியையே குறிவைக்கிறார்கள், அதனால்தான் தேவைக்கு மேல் முழுசாகப் படுகிறது. பந்தின் விட்டம் 57 மி.மீ., எனவே நாம் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தின் நடு வந்து நிற்க வேண்டிய இடம் பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், விழ வேண்டிய பந்தின் விளிம்பிலிருந்து 28 மி.மீ. தள்ளி. அங்கே இன்னொரு பந்தை ஒட்டி வைத்துப் பார்த்து, எடுத்துவிட்டு அடியுங்கள்.

இன்னொரு பதில்:
பாதிப் பந்து அடியை முதலில் பழகுங்கள். வெள்ளையின் நடுவை விழ வேண்டிய பந்தின் விளிம்புக்கு நேராக விட்டால் 30 டிகிரி வெட்டும். மெதுவாக அடிக்கும்போது உராய்வு வெட்டைக் குறைக்கும், கொஞ்சம் மெல்லிசாக, அதாவது இன்னும் ஓரமாகப் படும்படி எடுங்கள்.

கேட்டவர்:
பந்து வைத்துப் பார்த்தேன், ஒரு விரல் அகலம் தப்பாகக் குறிவைத்திருக்கிறேன்! நன்றி அண்ணா.