ஆர்.எக்ஸ். 100: சீல் மாற்றியும் கியர் ஆயில் குறைகிறது

வண்டி 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், அப்பா ஓட்டியது. ஊர் திருச்சி. மூன்று மாதமாக ஒரே தொல்லை. 500 கிலோமீட்டர் ஓடினால் கியர் ஆயில் 100 மில்லிக்கு மேல் குறைந்துவிடுகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. காலையில் முதல் உதையில் தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் கொசு மருந்து வண்டி என்றே நினைத்துவிட்டார்! பிளக்கைக் கழற்றினால் கருப்பாக, ஈரமாக இருக்கிறது.

முதலில் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ-டி ஆயிலை அனுப்பும் பம்ப் மீது சந்தேகப்பட்டு அளவைச் சரிசெய்தேன், புகை குறையவில்லை. கிராங்க் ஷாஃப்டின் ஒரு முனையான மேக்னெட் பக்கம் திறந்து பார்த்தேன், காய்ந்துதான் கிடக்கிறது. ஆக, மறுமுனையில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையமான கிளட்ச் பக்க கிராங்க் சீல் வழியாக இன்ஜினே கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது என்று முடிவுசெய்து, இரண்டு சீல்களையும் புதிதாகப் போட்டோம். 300 கிலோமீட்டர் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான்.

மறுபடி கழற்றியபோது, சீல் உட்காரும் இடத்தில் கிராங்க் ஷாஃப்டில் நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு கோடு. பேரிங்கில் ஆட்டம் தெரியவில்லை. ஒரு மெக்கானிக் கிராங்கையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் கோட்டில் படாதபடி சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் போதும் என்கிறார். இன்ஜின் இப்போது பிரித்தபடியே கிடக்கிறது.

இப்படிச் சீலைத் தள்ளிப் பொருத்தி நீண்ட நாள் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, தாங்கியதா?