கலைச்சொல் உதவி: 'பிரெயின் ஃபாக்' (அவசரம்)

வணக்கம். பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கொரோனா வந்து போன பிள்ளைகளில் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லை பற்றியது. அசதி, வாசனை தெரியாமை, பதற்றம் எல்லாம் எழுதியாயிற்று. 'பிரெயின் ஃபாக்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. என் வகுப்பில் ஒரு பெண் ஒரே பத்தியை விரல் வைத்து நாலு தடவை வாசிக்கிறாள், அப்புறம் புத்தகத்தை மூடிவிடுகிறாள். கேட்டால், "மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு மிஸ்." 'மூளை மூடுபனி' என்று எழுதினால் ஊட்டிச் சுற்றுலா மாதிரி இருக்கிறது.
– இரா.செ.

மூளைமூட்டம். மேகமூட்டம் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.
– வே.

மூளையைத் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் என்று நினைத்து ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள். 'மந்தம்' அதைவிட மோசம். அந்தப் பட்டம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வயதில் பெரும்பாலோருக்குக் கொரோனா சில நாள் காய்ச்சலோடு போய்விடும். தொல்லை, தொற்று வந்த 3 மாதத்துக்குள் தொடங்கி, குறைந்தது 2 மாதம் நீடித்தால்தான் கொரோனாவுக்குப் பிந்தைய பாதிப்பு என்ற கணக்கில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 பிப்ரவரியில் வரையறுத்தது. அதையும் போடுங்கள்.
– மரு. ந.

சொல் நம்மிடமே இருக்க ஏன் தேடுகிறீர்கள்? மம்மர். மயக்கம், கலக்கம். 'கல்விபோல் மம்மர் அறுக்கும் மருந்து' என்கிறது நாலடியார். இங்கே மம்மர் வந்து கல்வியை அறுக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.
– பொ.

ஐயா, அந்தச் சொல்லுக்கே ஒரு துண்டறிக்கை வேண்டும். வானம் இருண்டால் எங்கள் ஊரில் 'மப்பும் மந்தாரமும்' என்போம். மப்பு சரியான சொல்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மப்பு என்று எழுதினால் பெற்றோர் வேறு மாதிரி விசாரிப்பார்கள்.
– வே.

மந்தாரம் வடசொல்லா என்று முதலில் பார்க்கவேண்டும். அது போக, அறிக்கையில் 'பதின்மர்' என்றிருக்கிறதே! பதின்மர் என்றால் பத்துப் பேர். 10 முதல் 19 வயது வரை எனில் வளரிளம் பருவத்தினர் என்க.
– பொ.

பதின்மரைத் திருத்திவிட்டேன், நன்றி. இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. மனமூட்டம்?
– இரா.செ.

மனம் என்றால் மனநோய் என்பார்கள். குறைவது கவனமும் நினைவும். சட்டென்று சொல் வாயில் வராது. சிந்தனைமூட்டம் என்று போடலாம்.
– மரு. ந.

நீளம். ஆனாலும் சரி.
– வே.

எனக்கு உடன்பாடில்லை.
– பொ.

அச்சாகிவிட்டது: 'சிந்தனைமூட்டம் (தலைக்குள் பஞ்சு அடைத்தாற்போல் இருப்பது)'. வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதினேன். சிந்தனைமூட்டத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இன்று காலை, "மிஸ், எனக்கு மம்மர். டெஸ்ட் நாளைக்கு வெச்சுக்கலாமா?"
– இரா.செ.

அவனுக்கு அரை மதிப்பெண் கூடப் போடுங்கள்.
– பொ.