லப்டொப்பைச் செக்-இன் பெட்டிக்குள்ள போடலாமா?

வெள்ளவத்தையான்:
கட்டுநாயக்க விமான நிலையத்தில கைப்பையை நிறுத்து 7 கிலோவுக்கு மேல எண்டு மறிச்சா, லப்டொப்பைப் பெரிய பெட்டியில போட்டுட்டுப் போகலாம். சர்வதேச விதியில தடை இல்லை. முழுசா ஓஃப் பண்ணி, அடிபடாம உடுப்புக்கு நடுவில வைச்சாச் சரி. கையிலதான் கொண்டுபோகோணும் எண்டது சும்மா வெருட்டு.

கொட்டாஞ்சேனை அண்ணை:
தடை இல்லை, உண்மைதான். ஆனா மூடியைச் சாத்தினா ஓஃப் இல்லை தம்பி, அது ஸ்லீப். விதி அதை ஏற்காது. அப்டேட்டுக்குத் தானா முழிச்சா, உடுப்புக்குள்ள காத்தோட்டம் இல்லாமச் சூடேறும். பக்கத்தில ஸ்பிரே டின் இருந்தா இன்னும் மோசம். 2017இல எஃப்.ஏ.ஏ. எண்ட அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் செய்த சோதனையில, லப்டொப் பட்டரியைச் சூடாக்க, பெட்டிக்குள்ள இருந்த ட்ரை ஷாம்பூ டின் 40 செக்கனுக்குள்ள வெடிச்சுது. கபினுக்குள்ள எண்டா ஆக்கள் கண்டு, தண்ணி ஊத்திப் பட்டரியை ஆத்தலாம். கீழ சாமான் அறையில ஆர் பாக்கிறது?

வெள்ளவத்தையான்:
அப்ப அதே 2017 மார்ச்சில டுபாய், டோஹா உட்பட 10 விமான நிலையங்களில லப்டொப்பைக் கீழ போடச் சொன்னது அமெரிக்காதானே?

கொட்டாஞ்சேனை அண்ணை:
அது குண்டுப் பயம். ஜூலைக்குள்ள எடுத்திட்டினம். தீப்பயம் வேற கணக்கு.

தெஹிவளை:
ரெண்டு பேரும் பவர் பேங்கை மறந்திட்டியள். அதும் கழட்டின பட்டரியும் எப்பவும் கையிலதான். வாயிலில கைப்பையை வாங்கிக் கீழ அனுப்பினாலும் முதல் வேலை அதுகளை வெளிய எடுக்கிறது. வாட் அவர் எண்டது பட்டரியில எவ்வளவு மின்சக்தி தங்கும் எண்ட அளவு; 100 வாட் அவர் வரை பொதுவாப் பிரச்சினை இல்லை, 100க்கு மேல 160 வரை எண்டா விமானக் கம்பனியின்ர அனுமதி வேணும், அதுக்கும் மேல பயணிக்கு இல்லை. சில கம்பனியள் இதைவிட இறுக்கம்; எமிரேட்ஸ் 2025 ஒக்டோபரில இருந்து ஒரு பவர் பேங்க்தான் விடுது.

கணக்கில பிழைக்கிறது வோல்ட். 20,000 மில்லி அம்பியர் அவரை யூ.எஸ்.பி.யின்ர 5 வோல்டால பெருக்கி, ஆயிரத்தால பிரிச்சுப்போட்டு 100 வாட் அவர் எண்டு பயப்பிடுறது. உள்ள இருக்கிற செல் 3.7 வோல்ட், 74தான் வரும். 30,000 எண்டா 111, அனுமதி வேணும். லேபிள் அழிஞ்ச டூப்ளிக்கேட்டை வைச்சுக்கொண்டு கவுண்டரில வாதாடேலாது.

டச்பேட் மேல எழும்பி, மூடி சரியாச் சாத்துப்படாட்டிப் பட்டரி ஊதிட்டுது. அது கையிலயும் வேண்டாம், பெட்டியிலயும் வேண்டாம்.

வெள்ளவத்தையான்:
சரி, அந்த 7 கிலோ?

கொட்டாஞ்சேனை அண்ணை:
சார்ஜரைப் பெட்டிக்குள்ள போடும். அதில பட்டரி இல்லை. கேமிங் லப்டொப்பின்ர எண்டா அதுவே ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்.

வெள்ளவத்தையான்:
அது சரி. ஆனா விதிப்படி போடலாம் எண்டதில நான் மாறேல்லை.