சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பாய்மரப் படகில்: எப்போது புறப்படலாம்?

கேள்வி: 36 அடிப் பாய்மரப் படகில் நானும் தம்பியும் போர்ட் பிளேர் சென்று, பிறகு நீல், ஹேவ்லாக் தீவுகளுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். தீபாவளி முடிந்ததும் புறப்படலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலம். பொங்கல் கழிந்து பிப்ரவரியில் புறப்படுங்கள். தொலைவு ஏறத்தாழ 740 கடல் மைல் என்பதால், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஆறு நாட்களுக்கு மேல் ஆகும்; வாடைக்காற்று இடப்புறம் முன்பக்கமாக அடிக்கும் என்பதால், பத்து நாட்களுக்குக் குடிநீர் வைத்துக்கொள்வதே முறை.

பதில்: தீவுகளுக்குச் செல்லும் வரிசையை மாற்றுங்கள். போர்ட் பிளேரிலிருந்து காற்றை எதிர்த்து ஹேவ்லாக்கை முதலில் அடைந்தால், பிறகு நீலுக்கும், திரும்பப் போர்ட் பிளேருக்கும் காற்றோடு எளிதாக இறங்கலாம். பிப்ரவரியில் அங்கே மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே சூரியன் உயர்ந்திருக்கும்போதே, ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல, நங்கூரமிடச் செல்லுங்கள். வெளிர்பச்சை என்றால் மணல், கரும்பழுப்பு என்றால் பெரும்பாலும் பவளப்பாறை. பாறையில் நங்கூரத்தைப் போடவே கூடாது.

பதில்: வெளியாரை ஏற்காத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவு போர்ட் பிளேருக்கு மேற்கே உள்ளது; அதைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் நுழையத் தடை உள்ளது, திசைமாறினாலும் அப்பக்கம் ஒதுங்காத வகையில் பாதையை வரையுங்கள். நிக்கோபாருக்குப் பழங்குடிப் பகுதி அனுமதிச்சீட்டு தனியாக வேண்டும்.