புதுப்பிப்பு: என் இசைத்தட்டு மார்க்கில் ஒரு திருத்தம்

போன மாசம் என் எல்பி தட்டுகளுக்குப் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டிருந்தேன். அதில் 1978-ல் வந்த இளையராஜாவின் 'ப்ரியா' படப் பாட்டுத் தட்டுக்கு 6 கொடுத்தது தப்பு. குறை தட்டில் இல்லை, என் ரெக்கார்ட் ப்ளேயரின் தேய்ந்த ஊசியில்.

தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகத்தான் சுற்றும். ஆனால் நடுவை நெருங்க நெருங்க வட்டம் சிறுத்து, ஊசிக்கடியில் பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் ஓடும் வேகம் குறையும். தேய்ந்த ஊசி அங்கேதான் திணறும். பக்கம் முடிகிற நேரத்தில் 'ஸ' வருமிடமெல்லாம் சீறியது அதனால்தான்.

ஊசியை மாற்றி, தட்டைக் கழுவி, ஈரம் காய்ந்ததும் நேற்று ராத்திரி போட்டேன். சீறல் போயே போச்சு! ஸ்டீரியோ பதிவு அறை முழுக்க விரிந்தது. இப்போ 9.

தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை ஜே. எஸ். பாகுக்கும் காணிக்கையான இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் (1986) அப்போதும் 10, இப்போதும் 10. மற்ற தட்டுகளையும் புது ஊசியில் கேட்டுவிட்டுத்தான் மார்க் போடுவேன்.